நாய்க்குப் பெயர் உண்டு

கோயம்பேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, "எழும்பூர் மியூசியம் போகணும்ண்ணா" என்றேன் ஆட்டோக்காரரிடம். "செத்த காலேஜா? ஏறும்மா" என்றார். சென்னையில் பழைய ஆட்கள் இப்படித்தான் சொல்வார்களாம். மிருகங்கள் உயிரோடு இருக்கும் மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் இருக்கும் அருங்காட்சியகம் செத்த காலேஜ். 1851இல் தொடங்கிய இடத்துக்கு மக்கள் வைத்த பெயர். தருமபுரிப் பக்கத்திலிருந்து முதல்முறையாகத் தனியாக வந்து இறங்கியவளுக்கு அது அபசகுனமாகத்தான் பட்டது. "எங்கடி வேலை?" என்று போனில் கேட்ட அம்மாவிடம் அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அது வேலையும் இல்லை, படிப்பும் இல்லை. அருங்காட்சியகக் கல்வியாளர் ஆக விரும்புகிறவர்களுக்கு ஓர் அறக்கட்டளை கொடுத்த ஓராண்டு ஃபெல்லோஷிப். இரண்டு மாதம் சென்னையில் பயிற்சி, பத்து மாதம் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டிப் பாடம் நடத்த வேண்டும். மாதம் 18,000 ரூபாய். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு மூன்று வருஷமாக டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய தொகை.

நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "நடுவுல கல்யாணம் ஆச்சுன்னா விட்டுட்டுப் போயிடுவீங்களா?" தேர்வான எட்டுப் பேரில் ஏழு பேர் பெண்கள். ஏழு பேரிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். எட்டாவது ஆளிடம் கேட்கவில்லை. முதல் நாள் அறிமுகத்தில் ஒருங்கிணைப்பாளர், "பெண்களுக்கு இந்த வேலை இயல்பா வரும், பொறுமை வேணும் இல்லையா?" என்று பெருமையாகச் சொன்னார். சம்பளம் குறைந்த இடங்களில் எல்லாம் எங்கள் பொறுமை எப்படியோ இயல்பாக வந்துவிடுகிறது.

பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. சான் பிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராக இருந்து, பிறகு 1960இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கும் முதல் இயக்குநராக வந்து, 1985இல் இந்தியாவிலேயே இறந்துபோன கிரேஸ் மார்லியைப் பற்றி அங்கேதான் கேள்விப்பட்டேன். எம்.ஏ. வரை வரலாறு படித்தவள் நான். அந்தப் பெயரை ஒரு தேர்விலும் எழுதியதில்லை.

பயிற்சியில் பாதி நாள் மூன்று கேள்விகளுக்கே போனது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை. ஒரு படத்தையோ சிலையையோ பிள்ளைகள் முன்னால் வைத்து நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்ன தெரிகிறது? அவ்வளவுதான். பிள்ளைகள் சொல்வதை எல்லாம் திருத்தாமல் வாங்கிக்கொண்டே போக வேண்டும்.

கேட்க எளிது. ஆனால் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "எதைப் பார்த்து அப்படிச் சொல்ற?" என்றதும் பிள்ளை பயந்து உட்கார்ந்துவிடும். நம் வகுப்பறைகளில் அது தப்பான பதில் சொன்னவரை மடக்கக் கேட்கும் கேள்வி. பையன்களாவது எதிர்த்து எதையாவது சொல்வார்கள். பெண் பிள்ளைகள் துப்பட்டா நுனியைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நான் அதை "எங்க தெரியுது? எனக்கும் காட்டேன்" என்று மாற்றிக்கொண்டேன். விரலை நீட்டிக் காட்டச் சொன்னால் எல்லோரும் காட்டினார்கள்.

பத்து மாதத்துக்கு என்னை அனுப்பிய இடம் எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்த ஒரு சின்ன அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரே கூடம், வெளியே தகரக் கொட்டகையின் கீழ் வரிசையாகக் கற்கள். பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடந்தது. சாவி அட்டெண்டர் அக்காவிடம் இருந்தது. பள்ளிக்கூடங்கள் வரும்போது திறந்தால் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று திறக்கக் கூடாதென உத்தரவு. நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கால் மாற்றி மாற்றி நிற்கும்போது எந்த மூன்று கேள்வியும் வேலைக்கு ஆகாது. முதல் மாதம் முழுக்க நான் செய்த கல்விப்பணி அந்தச் சாவியை வாங்கியதுதான். வாளியும் நான் வாங்கி வைத்தேன்.

கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரம் முழுக்க நடுகல் பூமி. ஆநிரை கவர்ந்த சண்டையிலும், மீட்ட சண்டையிலும், புலியோடு போராடியும் செத்தவர்களுக்கு நட்ட கற்கள். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகல்லும் ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுத்ததுதான். எங்கள் கொட்டகையில் இருந்தவை அத்தனை பழையவை அல்ல. வில்லும் வாளும் பிடித்த ஆண்கள், மேலே சூரியனும் சந்திரனும். பிள்ளைகள் வந்ததும் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "மிஸ், இதெல்லாம் சாமியா?"

நடுகல் என்றதும் தூங்கிவிடும் பிள்ளைகளை எழுப்ப என்னிடம் ஒரு நாய் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம். கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்திருக்கிறான். பக்கத்திலேயே அவன் நாய். அதற்கும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: அதன் பெயர் கோவிவன், இரண்டு திருடர்களைக் கடித்தது என்று. அந்தக் கல்லின் படத்தை ஏ4 தாளில் அச்சடித்து, லேமினேட் செய்து கையில் வைத்திருப்பேன். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்குக்கூட நடுகல் உண்டு என்று சேர்த்துச் சொன்னால் கூட்டம் முழுக்க என் பக்கம். "கோவிவா! கோவிவா!" என்று பையன்கள் கூப்பிட்டுக்கொண்டே கொட்டகையைச் சுற்றுவார்கள்.

அப்படி ஒரு நாள் சுற்றியபோது, பின்னால் நின்ற பெண் பிள்ளை ஒருத்தி கடைசிக் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். வாளேந்திய ஒருவன், அவன் பக்கத்தில் ஒரு பெண். ஒரு கையில் சின்னக் குடுவை. மற்றக் கை மேலே தூக்கியபடி, மணிக்கட்டு முழுக்க வளையல். ஓசூர்ப் பக்கம் இந்த வகையை மாஸ்திக்கல் என்பார்கள், மகாசதி என்பதன் திரிபு. அட்டையில் இருந்தது: "சதிக்கல். கணவனுடன் உடன்கட்டை ஏறிய பத்தினிப் பெண்ணின் நினைவாக எடுக்கப்பட்டது."

"மிஸ், இந்தம்மா பேரு என்ன?"

"பேரு எழுதலைம்மா."

"நாய்க்கு எழுதியிருக்காங்கன்னு சொன்னீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. மூன்று மாதமாக அந்தக் கல்லைத் தாண்டித்தான் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன்.

அன்று இரவு முதல் கிடைத்ததை எல்லாம் படித்தேன். பெயர் எழுதிய கற்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மைசூர் மாவட்டம் பெலதூரில் 1057ஆம் ஆண்டின் கன்னடக் கல்வெட்டு ஒன்று தேகப்பெ என்ற பெண்ணைப் பெயர் சொல்லிப் பேசுகிறது. பெற்றோர் கெஞ்சித் தடுத்தார்கள், கேட்காமல் தீயில் இறங்கினாள் என்கிறது. அவளே விரும்பினாள் என்று சொல்கிற கல்லையும் உயிரோடு மிஞ்சியவர்கள்தானே நட்டார்கள்? 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்து தடுத்தது. அதற்குப் பிறகும் 1987 செப்டம்பர் 4ஆம் தேதி ராஜஸ்தானில் தேவ்ராலா கிராமத்தில், பதினெட்டு வயது ரூப் கன்வர் எரிந்தார். ஊர் திரண்டு நின்றது. பிறகு ஜரிகைத் துணி போர்த்திக் கொண்டாடியது. அந்த ஆண்டே சதியைப் போற்றிக் கொண்டாடுவதும் குற்றம் என்று மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. போற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் எட்டுப் பேரை 2024 அக்டோபரில் ஜெய்ப்பூர் நீதிமன்றம் விடுவித்தது.

படிக்கப் படிக்கக் கோபம் ஏறியது. அந்தக் கோபத்தோடு நான் செய்த தப்பு ஒன்று உண்டு. அடுத்த வாரம் வந்த பள்ளியின் முன்னால் அந்தக் கல்லைக் காட்டி, மூன்று கேள்வியும் கேட்காமல், "இது கோயில் இல்ல, சாமி இல்ல. இது ஒரு கொலை. கொலை பண்ணவங்க தங்களைக் காப்பாத்திக்க வெச்ச கல்லு" என்று முழங்கினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கு நன்றாகப் பேசியதாக ஒரு திருப்தி.

கூட்டம் கலையும்போது ஒருத்தி மட்டும் நின்றாள். ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைச் சடை. "மிஸ், எங்க குலசாமி தீப்பாஞ்சம்மா. இதே மாதிரிதான் இருக்கும். எங்க பாட்டிக்கு அந்தப் பேருதான் வெச்சிருக்கு." அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. அழவும் இல்லை. ஆனால் அந்த முகம், நான் அவள் வீட்டுக்குள் செருப்போடு போய்விட்டதைப் போல இருந்தது.

இரண்டு நாளில் புகார் வந்தது. அவள் செய்திருக்க மாட்டாள். கூட வந்த ஆசிரியர் செய்திருப்பார். பொறுப்பாளர் கூப்பிட்டு, "வரலாறு சொல்லுங்கம்மா, அரசியல் வேணாம். பத்தினின்னு இருக்கிற இடத்துல கொலைன்னு சொல்றதுக்கு நீங்க யாரு?" என்றார். பத்தினி என்ற சொல்லில் அரசியல் இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். இதை நான் அவர்மேல் கோபத்தில் சொல்லவில்லை. பல விஷயங்களில் நல்ல மனிதர். கழிப்பறைச் சாவியைக் கொடுத்தவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை அன்று அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனேன். பள்ளியில் கேட்டுத்தான் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாக அப்போது நினைத்துக்கொண்டேன். என் பக்கத்தை விளக்கவும் ஆசை இருந்திருக்கும். வயல் ஓரம் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல். எண்ணெய்ப் பிசுக்கில் கை எது, வளையல் எது என்று தெரியவில்லை. பாட்டி விளக்கேற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன், இந்த அம்மா எப்படி சாமியானாங்க என்று.

"எப்பிடி ஆவா? புருசன் செத்துட்டான். போடின்னாங்க. மாட்டேன்னு கத்துனாளாம். வவுத்துல புள்ளைன்னுகூடச் சொல்லுவாங்க. தள்ளிட்டாங்க. அப்புறம் ஊர்ல ஒரு கொழந்த தங்கல, ஒரு வெள்ளாம வெளங்கல. அதுக்குத்தான் கும்புடறோம். சும்மா செத்தவ சாமி ஆவமாட்டா கண்ணு. கோவமா செத்தவதான் ஆவா."

நான் நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்து முழங்கியதை அந்த வீட்டில் வெள்ளிதோறும் விளக்கேற்றிச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண் தெய்வங்களில் எத்தனையோ பேர் இப்படிக் கொல்லப்பட்டவர்கள்தான், அந்தப் பயத்திலும் குற்ற உணர்விலும்தான் அவர்களுக்குப் பொங்கல் வைக்கிறோம் என்பதைப் புத்தகத்தில் படித்தவள் நான். ஆனால் ஒரு பிள்ளையின் முன்னால் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. பத்தினி என்று எழுதிய அட்டைக்கும் பாட்டியின் கதை தெரியாது. கொலை என்று கத்திய எனக்கும் தெரியவில்லை. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது "மறுபடி எப்ப மிஸ் மியூசியம் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கல்லின் முன்னால் கேள்வி மட்டும்தான் கேட்டேன். என்ன நடக்குது? எங்க தெரியுது, காட்டு. "டாட்டா சொல்றாங்க" என்றான் ஒருவன். "நிறுத்துன்னு சொல்றாங்க" என்றாள் ஒருத்தி. "டான்ஸ்." "சத்தியம் பண்றாங்க." "மிஸ், வளையல் போட்டிருக்காங்க, அப்ப புருசன் சாகலையா?" இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் திறந்துவிடும். புருஷன் செத்தால் வளையலை உடைப்பார்கள் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தன் வீட்டிலேயே பார்த்திருக்கும். உடையாத வளையலோடு இந்தக் கை ஏன் இருக்கிறது என்று அதுவே பேச ஆரம்பிக்கும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

ஒன்பதாவது மாதம் புதிய அட்டை எழுதிக் கொடுத்தேன். ஃபெல்லோஷிப் முடிய ஒரு திட்டப்பணி காட்ட வேண்டும், நான் இதை எடுத்துக்கொண்டேன். "வீரன் ஒருவனின் மனைவி. கணவன் சிதையில் எரிந்து இறந்தவள். பெயர் பொறிக்கப்படவில்லை. அவள் விரும்பிச் சென்றாளா, தள்ளப்பட்டாளா என்பதைக் கல் சொல்லவில்லை. இத்தகைய பெண்களைச் சில குடும்பங்கள் தீப்பாய்ந்த அம்மன் என்று இன்றும் வணங்குகின்றன." ஐந்து வாக்கியம். பதினோரு முறை திருத்தம். "தள்ளப்பட்டாளா" போனது, வந்தது, மறுபடி போனது. 1987 சட்டத்தின் நகலை எடுத்துக் காட்டினேன், போற்றுவதுதான் குற்றம் சார், பத்தினி என்று நாம் எழுதியிருப்பது என்ன என்று கேட்டேன். "அது ராஜஸ்தானும்மா" என்றார். வழிகாட்டியாக இருந்த மேடம் சென்னையிலிருந்து போனில், "ஒரு வருஷத்துல போயிடப் போற, எதுக்கு இவ்வளவு?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோப்பு மேலே போனது.

அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு. அதுவரை அவள் எந்த அருங்காட்சியகத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. அப்பா லாரியில் அடிபட்டுச் செத்தபோது அம்மாவுக்கு 28 வயது, எனக்கு ஏழு. பத்தாம் நாள் வளையலை உடைத்தபோது கண்ணாடி கிழித்த தழும்பு வலது மணிக்கட்டில் இப்போதும் இருக்கிறது. யார் உடைத்தார்கள் என்று கேட்டிருக்கிறேன். சொன்னதில்லை. எல்லாக் கல்லையும் வேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசிக் கல்லிடம் நின்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளிடம் கேள்வி கேட்கவும் வாய் வரவில்லை.

"கையை நல்லா செதுக்கியிருக்கான்" என்றாள். வளையல்களை விரல் வைத்து எண்ணினாள். தொடக் கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான்தான். பிறகு கேட்டாள்: "இவளுக்குப் புள்ளைங்க இருந்துச்சா?"

"தெரியலம்மா."

"இருந்திருந்தா யாரு வளத்தாங்க?"

இருநூறு பள்ளிப் பிள்ளைகள் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை. பதில் ஒரு கல்வெட்டில் மட்டும் எனக்குத் தெரியும். ராஜராஜ சோழனின் தாய் வானவன் மாதேவி கணவன் சுந்தர சோழனோடு இறந்தாள், பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்கிறது. அதே குடும்பத்தில்தான் செம்பியன் மாதேவியும் இருந்தார். கணவர் கண்டராதித்தர் போன பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேல் உயிரோடு இருந்து, கோனேரிராஜபுரம் போலக் கற்கோயில்களாகக் கட்டிக்கொண்டே இருந்தவர். அவரது உருவம் என்று பலர் கருதும் செப்புச் சிலை இப்போது வாஷிங்டனில் ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்னியின் செல்வன் படம் பார்த்த பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். இதை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன், ஒரே வீட்டில் ஒருத்தி தீக்குள் போனாள், ஒருத்தி இருந்து கோயில் கட்டினாள் என்று கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன்.

"அவ ராணி" என்றாள் அம்மா. "வா, பையன் பசிக்குதுங்கறான்."

மார்ச் மாதம் ஃபெல்லோஷிப் முடிந்தது. சென்னையில் சான்றிதழ் கொடுத்தார்கள், குழுப் புகைப்படம் எடுத்தார்கள். எட்டுப் பேரில் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது இரண்டு பேருக்கு. அதில் ஒருவர் அந்த எட்டாவது ஆள். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்களில் நன்றாகப் பாடியவர் அவர், பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அருங்காட்சியகக் கல்வியாளர் என்றொரு பணியிடமே பெரும்பாலான இடங்களில் கிடையாது என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே போட்டிருக்கலாம். நான் இப்போது ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன், 14,000 ரூபாய்.

போன மாதம் அட்டெண்டர் அக்கா போன் செய்தார். எட்டாவது வரை படித்தவர். பத்து மாதமும் துடைப்பத்தோடு ஓரமாக நின்று நான் நடத்தியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர். அட்டை மாறவில்லையாம், கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம்.

"நேத்து ஒரு ஸ்கூல் வந்துச்சு மேடம். சொல்றதுக்கு யாருமில்ல. சரின்னு நானே நாயைக் காட்டுனேன், நீங்க வெச்சுட்டுப் போன படம் இருக்குதே. அப்புறம் அந்தம்மாவையும் காட்டுனேன். பேரு என்னான்னு கேட்டுதுங்க. எழுதலைன்னேன். ஏன் எழுதலைன்னு கேட்டுதுங்க."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? ஏன் எழுதாம விட்டிருப்பாங்க, நீங்க சொல்லுங்கன்னேன். ஒண்ணு கையத் தூக்குச்சு. அதுக்குள்ள அவங்க டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க."